சதுரங்க எண்ணுக்கு நாம் செய்த அநீதி

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு அரசன் பரிசு தர முன்வந்த கதையை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். "முதல் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாம் கட்டத்துக்கு நான்கு. இப்படி 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போய்க் கொடுத்தால் போதும்" என்று அவர் கேட்கிறார். இவ்வளவுதானா என்று அரசன் நகைக்கிறான். கணக்கர்கள் கூட்டிப் பார்த்த பிறகு அரண்மனையே வெலவெலத்துப் போகிறது. கணக்கு நூல்களிலும் சிறுவர் இதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. கதையின் முடிவில் இந்த எண் வந்து நிற்கும்:

18446744073709551615

நம் வழக்கப்படி சொன்னால், 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. "அம்மாடி!" என்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

கதையின்மேல் குறை ஒன்றும் இல்லை. இரட்டிப்பு எவ்வளவு வேகமாக வளரும் என்பதைக் குழந்தைக்கும் புரியும்படி சொல்லும் கதை அது. குறை, கதையைச் சொல்லும் முறையில் இருக்கிறது. எண்ணை மேடைக்கு அழைத்து வருகிறார்கள், கைதட்டச் சொல்கிறார்கள், அது வாய் திறப்பதற்குள் இறக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த எண் எவற்றின் பெருக்கல், எதனால் வகுபடும், அச்சில் ஓர் இலக்கம் பிழையாக விழுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் கேட்பதில்லை. இதனால் எண்ணுக்கு நட்டமில்லை, வாசகருக்குத்தான் நட்டம். அது எத்தகைய நட்டம் என்பதைக் காட்ட, உலகப் புகழ் பெற்ற இரண்டு நூல்களையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

சூரியனைத் தாண்டிய களஞ்சியம்

முதல் நூல், ரஷ்ய எழுத்தாளர் யாக்கொவ் பெரெல்மானுடையது. 1882-இல் பிறந்து, 1942-இல் லெனின்கிராடு முற்றுகையின்போது மறைந்தவர் இவர். பொழுதுபோக்காக அறிவியல் கற்பிப்பதில் இவருக்கு இணையானவர்கள் வெகு சிலரே. மாஸ்கோவிலிருந்து 'ஃபிகர்ஸ் ஃபார் ஃபன்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்த இவருடைய கணக்கு நூலில் சதுரங்கக் கதை விரிவாக இருக்கிறது. மணிகளின் எண்ணிக்கையைச் சரியாகத் தந்துவிட்டு, அதை நம் கண்முன் நிறுத்த அவர் ஒரு களஞ்சியம் கட்டுகிறார். ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 1½ கோடி கோதுமை மணிகள் அடங்கும். ஆகவே பரிசைக் கொள்ள 12,000 கன கிலோமீட்டர் இடம் வேண்டும். 4 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களஞ்சியமானால் அதன் நீளம் 30 கோடி கிலோமீட்டர், அதாவது சூரியன் இருக்கும் தொலைவைப்போல் இரு மடங்கு என்கிறார்.

தாளும் பென்சிலும் எடுங்கள். மொத்த மணிகளை 1½ கோடியால் வகுத்தால் சுமார் 1,23,000 கோடி கன மீட்டர் வருகிறது. ஒரு கன கிலோமீட்டர் என்பது 100 கோடி கன மீட்டர். ஆகவே விடை 1,230 கன கிலோமீட்டர். நூலில் உள்ளதோ 12,000! ஒரு சுழி கூடிவிட்டது. களஞ்சியத்தின் நீளமும் பத்தில் ஒரு பங்காகி, 3 கோடி கிலோமீட்டராகச் சுருங்குகிறது. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே அந்தக் களஞ்சியம் சூரியனைத் தாண்டவில்லை. வழியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கடந்திருக்கிறது.

இரண்டாவது நூல், இயற்பியல் அறிஞர் ஜார்ஜ் காமாவ் 1947-இல் வெளியிட்ட 'ஒன் டூ த்ரீ இன்ஃபினிட்டி'. அதிலும் அதே அரசன், அதே பலகை. ஒரு புஷல் கோதுமையில் சுமார் 50 லட்சம் மணிகள் உண்டு என்று வைத்துக்கொண்டு, உலகம் முழுவதும் 2,000 ஆண்டுகள் விளைவித்தால்தான் அந்தப் பரிசைக் கொடுக்க முடியும் என்று அவர் முடிக்கிறார். புஷல் என்பது அமெரிக்கத் தானிய அளவை. ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 27 கிலோகிராம் எடை கொண்டது. அதில் 50 லட்சம் மணிகள் இருந்தால் ஒரு மணியின் எடை 5 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய மணி! நல்ல கோதுமை மணி ஒன்று 40 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் 1,000 மணிகளை எண்ணி, பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 5 கிராம் நிற்காது, 40 கிராம் பக்கம் நிற்கும்.

இரு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் தெரியும். புஷல் என்பது ஏறத்தாழ 35 லிட்டர். காமாவின் கணக்குப்படி ஒரு கன மீட்டரில் சுமார் 14 கோடி மணிகள். பெரெல்மானின் கணக்குப்படி 1½ கோடி. ஒரே கோதுமை, ஒரே கன மீட்டர். ஆனால் ஒன்பது மடங்குக்கும் மேல் வேறுபாடு. எடுகோளில் பெரெல்மான் சரி, வகுத்தலில் சறுக்கினார். வகுத்தலில் காமாவ் சரி, எடுகோளில் சறுக்கினார்.

இருவரும் பெரியவர்கள். அவர்களைப் படித்துக் கணக்கின்மேல் ஆசை கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சறுக்கல் எவருக்கும் நேரக்கூடியதே. நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. இத்தனை பேர் படித்தும், இத்தனை முறை எடுத்தெழுதியும், அந்தக் குவியல்கள் ஏன் கேள்வியின்றி உலாவந்தன?

காரணம் எளியது. வியப்பால் எதையும் சரிபார்க்க முடியாது. 1,200 கன கிலோமீட்டர் என்றாலும் 12,000 கன கிலோமீட்டர் என்றாலும் நம் வாய் ஒரே அளவுதான் திறக்கிறது. ஓர் எண்ணை வாய் பிளக்க மட்டும் பயன்படுத்தினால், அது பத்து மடங்கு பிழையாக இருந்தாலும் அதே வேலையைச் செய்துவிடும். வாய் பிளந்து பழகியவர் நாளிதழில் ஆயிரம் கோடி என்ற இடத்தில் லட்சம் கோடி என்று அச்சாகியிருந்தாலும் அப்படியே விழுங்கிவிடுவார். ஆகவே இது கோதுமைக் கணக்கோடு நின்றுவிடும் விஷயம் அன்று.

மேலும், விளைச்சலோடு ஒப்பிடுவது நாளடைவில் பழசாகிப் போகும். இன்று உலகில் ஆண்டுக்கு 80 கோடி டன்னை ஒட்டிக் கோதுமை விளைகிறது. மணிக்கு 40 மில்லிகிராம் என்று கொண்டால் பரிசின் எடை ஏறக்குறைய 73,800 கோடி டன். அதாவது சுமார் 900 ஆண்டு விளைச்சல். நாளை விளைச்சல் கூடினால் இந்த 900-உம் மாறும். மாறாதது அந்த எண்ணின் உள்ளமைப்பு ஒன்றே. அதைத்தான் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஆறே பெருக்கல்

இந்தக் கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நன்றாகச் சொல்லியிருக்கிறார். அவர் அல்பிரூனி. கி.பி. 1000-ஐ ஒட்டி, பல்வேறு மக்களின் காலக் கணக்குகளைப் பற்றி அரபியில் எழுதிய நூலில், 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு உட்காராமல் இரண்டே விதிகளைச் சொல்கிறார்.

முதல் விதி: ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து இரு மடங்கு தொலைவில் உள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். ஐந்தாம் கட்டத்தில் 16 மணிகள். 16 × 16 = 256. இது ஒன்பதாம் கட்டத்தின் எண். ஐந்தாம் கட்டம் முதலிலிருந்து 4 கட்டம் தள்ளி. ஒன்பதாம் கட்டம் 8 கட்டம் தள்ளி.

இரண்டாம் விதி: ஒரு கட்டத்தின் எண்ணில் ஒன்றைக் குறைத்தால், அதற்கு முன் உள்ள கட்டங்களின் மொத்தம் கிடைக்கும். 1 + 2 + 4 + 8 = 15; அடுத்த கட்டத்தின் எண் 16.

எனவே பலகையில் இல்லாத 65-ஆம் கட்டம் ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் எண்ணைக் கண்டு, ஒன்றைக் கழித்தால் போதும். 2-இல் தொடங்கித் தன்னைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போங்கள்: 4, 16, 256, 65536, 4294967296, 18446744073709551616. ஆறே பெருக்கலில் வேலை முடிந்துவிட்டது. கடைசியில் ஒன்றைக் கழித்தால் நம் எண்.

நம் கதைகள் இந்த வழியைத் தொலைத்துவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொண்டன. வழியை வைத்துக்கொண்டிருந்தால், அதுவே எண்ணின் உள்ளே நம்மை அழைத்துச் சென்றிருக்கும். எப்படி என்று பாருங்கள்.

பலகையே காட்டும் காரணிகள்

முதல் இரண்டு கட்டங்களில் மொத்தம் 3 மணிகள். முதல் நான்கு கட்டங்களில் 15. அதாவது 3 × 5. முதல் வரிசை முழுவதும், எட்டுக் கட்டங்களில் 255. அதாவது 15 × 17. இரண்டு வரிசைகளில் 65535; அதாவது 255 × 257. நான்கு வரிசைகளில், அதாவது பாதிப் பலகையில் 4294967295. அதாவது 65535 × 65537. முழுப் பலகையில் அந்தப் பாதியைப் போல் 4294967297 மடங்கு.

இப்படி அமைவதற்குக் காரணம் என்ன? பாதிப் பலகையை எடுத்துக்கொள்வோம். 33-ஆம் கட்டத்தில் உள்ளது முதல் கட்டத்தைப்போல் 4294967296 மடங்கு. 34-ஆம் கட்டம் இரண்டாம் கட்டத்தைப்போல் அதே மடங்கு. இப்படியே 64 வரை. ஆகவே பின்பாதி முழுவதும் முன்பாதியைப்போல் 4294967296 மடங்கு. முன்பாதியையும் சேர்த்தால் இன்னொரு மடங்கு, ஆக 4294967297. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும் வாதம் இது. இயற்கணிதம் தெரிந்தவர்கள், ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் இரு காரணிகளாகப் பிரியும் என்ற பழைய வாய்பாடு இதுதானே என்று கண்டுகொள்வார்கள்.

ஆக நம் எண், 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இதில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது?

இந்தக் கேள்வி பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மாவை ஏமாற்றியது. 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசையை 1640-ஐ ஒட்டி ஆராய்ந்த அவர், இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று நம்பினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை நின்றது. 1732-இல் ஆயிலர் அதை உடைத்தார். 4294967297 என்பது 641 × 6700417 என்று காட்டினார்.

இதைச் சரிபார்க்க நீண்ட வகுத்தல் தேவையில்லை. 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு. ஆகவே மீதிக் கணக்கில் அதை −1 என்று கொள்ளலாம். 640-ஐ நான்கு முறை எடுத்துப் பெருக்கினால் −1-உம் நான்கு முறை பெருக்கப்பட்டு மீதி 1 ஆகும். ஆனால் 640 = 5 × 128. ஆகவே 640-இன் நான்காம் அடுக்கு என்பது 625 × 2²⁸. 625-உம் 641-க்கு 16 குறைவு. அதை −16 என்று கொள்வோம். 16 × 2²⁸ = 2³². ஆகவே −2³² என்பதன் மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபட்டே தீரவேண்டும். 2³² + 1 தான் 4294967297. ஐந்தாறு வரிகளில், ஒரு பெரிய அறிஞரின் நம்பிக்கையைப் பள்ளி மாணவர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிடலாம்.

6700417-உம் பகா எண்ணே. எனவே நம் எண்ணின் முழுப் பிரிப்பு இது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகாக் காரணிகள். எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. இவற்றில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம் என்பதால், இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. பலகையின் எட்டாம் கட்டத்தில் இருப்பதும் 128 மணிகள்தான். அங்கும் இங்கும் வேலை செய்வது ஒரே இரட்டிப்பு.

பாதிப் பலகையும் வட்டக் கவராயமும்

ஒரு கோட்டளவையும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் ஆகியவற்றை அவர்கள் வரைந்தார்கள். அதற்குப் பின் ஈராயிரம் ஆண்டுகள் முன்னேற்றம் இல்லை. 1796-இல், 19 வயது நிறையாத காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தையும் வரைய முடியும் என்று கண்டார். 3, 5, 17, 257, 65537 போன்ற பகா எண்களை ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமல் பெருக்கி வரும் பக்கங்களை உடைய பலகோணங்கள் எல்லாம் வரையத்தக்கவை என்றும் காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இவற்றைத் தவிர வேறு எதையும் வரைய முடியாது என்று 1837-இல் வான்ட்செல் மெய்ப்பித்தார்.

இந்த வகைப் பகா எண்களில் நமக்குத் தெரிந்தவை அந்த ஐந்து மட்டுமே. ஐந்தையும் பெருக்கினால் வருவது 4294967295. அது வேறொன்றும் இல்லை. பாதிப் பலகையில் குவிந்த கோதுமை மணிகளின் எண்ணிக்கை! ஒற்றைப்படைப் பக்கங்களுடன் வரையத்தக்கவை என்று இன்று அறியப்பட்ட ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். அப்படிப்பட்ட பலகோணங்கள் மொத்தம் 31; அவற்றின் பக்கங்கள் எல்லாம் பாதிப் பலகை எண்ணின் காரணிகள். 65537 பக்கப் பலகோணம் ஒன்றுக்காகவே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டுகளுக்கும் மேல் உழைத்து, அதன் கையெழுத்துப் படியை 1894-இல் முடித்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அதைப் பாதுகாத்து வருகிறது.

சூரியனை நோக்கி நீளும் களஞ்சியத்தைவிட இது குறைந்த வியப்பா? கதையில் அரசன் பலகையின் பாதியைத் தாண்டும்போது கருவூலம் காலியாகிறது. கணிதத்தில் பலகையின் பாதியைத் தாண்டும்போது ஃபெர்மாவின் நம்பிக்கை சரிகிறது. இரண்டாவது செய்தியையும் மாணவருக்குச் சொன்னால் என்ன?

எண்ணிடமே கேளுங்கள்

20 இலக்கங்களையும் எழுதாமலே இந்த எண்ணிடம் கேள்வி கேட்கலாம். மணிகளை ஏழு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் மீதி எவ்வளவு? 2 × 2 × 2 = 8; ஏழால் வகுக்க மீதி 1. ஆகவே இரட்டிப்பில் மூன்று படிக்கு ஒரு முறை மீதி 1 ஆகிவிடும். 63-ஆம் அடுக்கில் மீதி 1. 64-ஆம் அடுக்கில் 2. ஒன்றைக் கழித்தால் 1. ஏழு பேரும் பங்கிட்டுக்கொண்ட பின் ஒரே ஒரு மணி மிஞ்சும். கணக்கர்கள் கூட்டி முடிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடலாம்.

இனிப் பிழை பிடிக்கும் வேலை. எண்ணை 11-ஆல் வகுத்தால் என்ன மீதி? 2¹⁰ = 1024; 1023 என்பது 93 × 11; ஆகவே மீதி 1. 2⁶⁰-க்கும் மீதி 1. மிச்சமுள்ள நான்கு இரட்டிப்புகளால் 16. அதன் மீதி 5. ஒன்றைக் கழித்தால் 4. ஆக, மீதி 4 ஆகவே இருக்க வேண்டும். இப்போது அச்சில் உள்ள எண்ணைப் பாருங்கள். வலப்புறத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் 62. விடுபட்டவற்றைக் கூட்டினால் 25. வித்தியாசம் 37. 37-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 4. பொருந்துகிறது!

ஏதேனும் ஓர் இலக்கம் மாறி அச்சாகியிருந்தால் இந்தச் சோதனை கட்டாயம் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்திலுள்ள இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணையே சோதியுங்கள். ஆசிரியர் குழுவை நம்பவேண்டியதில்லை. வாசகர் கையில் இப்படி ஒரு கருவியைக் கொடுப்பதுதான் அறிவியல் எழுத்தின் வேலை.

வேறு கதைகளில் அதே எண்

காமாவின் நூலிலேயே இன்னொரு கதையும் உண்டு. காசிக் கோயிலில் மூன்று ஊசிகள், 64 தட்டுகள். ஒரு முறைக்கு ஒரு தட்டாக, பெரியதைச் சிறியதன்மேல் வைக்காமல், அடுக்கு முழுவதையும் வேறு ஊசிக்கு மாற்ற வேண்டும். முடிந்ததும் உலகம் அழியும். இது நம் நாட்டுப் பழங்கதை அன்று. 1883-இல் பிரான்சில் எதுவார் லூக்கா என்ற கணித அறிஞர் வெளியிட்ட விளையாட்டுப் பொருளை ஒட்டிப் பிறந்தது. தேவையான நகர்த்தல்களோ நம் எண்ணேதான். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

பலகைக்கும் தட்டுகளுக்கும் ஏன் ஒரே எண்? அடித்தட்டை நகர்த்த வேண்டுமானால் மேலே உள்ளவற்றை ஒரு முறை விலக்க வேண்டும், பிறகு ஒரு முறை திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் அடித்தட்டுக்கு ஒரு நகர்த்தல். அதாவது முந்தைய எண்ணின் இரு மடங்கோடு ஒன்று. 1, 3, 7, 15, 31 என்று போகும் இந்த வரிசை, பலகையில் கட்டம் கட்டமாகக் கூட்டினால் வரும் அதே வரிசை.

கணிப்பொறி எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதுகிறது. அந்த முறையில் 3 என்பது 11. 7 என்பது 111. 15 என்பது 1111. இரட்டித்து ஒன்றைக் கூட்டும்போதெல்லாம் வலப்புறம் இன்னொரு 1 சேர்கிறது. நம் எண் 64 ஒன்றுகளை வரிசையாக எழுதியது, வேறில்லை. இன்றைய கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் எண்களை வைக்கும் அறைகள் பெரும்பாலும் 64 இடங்கள் கொண்டவை. குறைக் குறி இல்லாத முழு எண்களில் அப்படி ஓர் அறை கொள்ளக்கூடிய மிகப் பெரியது இந்தச் சதுரங்க எண்தான். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால், வண்டியின் தூரம் காட்டும் கருவியில் எல்லாம் 9 ஆனபின் மீண்டும் சுழி வருவதுபோல, அறையில் 64 சுழிகளே மிஞ்சும். கோதுமைக் கதை நம் சட்டைப்பையில் உட்கார்ந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

கதையைக் கைவிட வேண்டாம். களஞ்சியத்தையும் இடிக்க வேண்டாம். ஆனால் அதை மாணவரே கட்டட்டும். கோதுமை கிடைக்காத ஊரில் நெல்லோ கேழ்வரகோ எடுத்து, 1,000 மணிகளை நிறுத்து, மொத்த எடையை அவர்களே கணக்கிடட்டும். இருவர் விடை வேறுபட்டால் யார் எங்கே சறுக்கினார் என்று அவர்களே தேடட்டும். பிறகு பலகையை வரைந்து இரண்டு கட்டம், நான்கு கட்டம், ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று மொத்தங்களைக் காரணிகளாகப் பிரிக்கட்டும். 255 வரை எவரும் போகலாம். 65535 வரை கொஞ்சம் பொறுமை உள்ளவர் போகலாம். அங்கிருந்து ஆயிலரிடம் போக ஒரு படிதான் மிச்சம்.

இந்த எண்ணின் பக்கத்து வீட்டையும் அவர்களுக்குக் காட்டலாம். நம் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் ஃபெர்மா வரிசையின் அடுத்த எண் கிடைக்கிறது: 18446744073709551617. இதை 1880-இல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தார்: 274177 × 67280421310721. நம் எண் ஏழு காரணிகளாக எளிதில் உடைகிறது. இரண்டைக் கூட்டினால் இரண்டே காரணிகள், அவையும் எளிதில் பிடிபடாதவை. பெருமை இலக்கங்களின் நீளத்தில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி இந்தக் கதையை நீங்கள் ஒரு நூலில் படிக்கும்போதோ பிள்ளைகளுக்குச் சொல்லும்போதோ, "அம்மாடி" என்றதோடு நிறுத்திவிடாதீர்கள். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 87. மூன்றால் வகுபடும், ஆகவே எண்ணும் மூன்றால் வகுபடும். கடைசி இலக்கம் 5, ஆகவே ஐந்தாலும் வகுபடும். இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே எண் பேசத் தொடங்கிவிட்டது. மற்றதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.